ஹட்டனில் ஒரு ஹனிபாட்: நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு

ஹட்டனில் ஒரு சிறிய கணினிப் பயிற்சி நிலையத்தின் நெட்வேர்க் என் பொறுப்பில். சிசிடிவிக்காக நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி) எடுத்ததிலிருந்து இணையம் வழியாக யாராவது வந்து கதவைத் தட்டாத இரவே கிடையாது. தட்டுபவர்கள் யார், உள்ளே வந்தால் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியில் கவ்ரி என்ற இலவச ஹனிபாட்டை, அதாவது ஊடுருவ வருபவரை ஏமாற்றிக் கவனிக்கும் பொறியைப் போட்டு, ரவுட்டரில் தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையும் வாசல்களான 22, 23ஆம் போர்ட்டுகளை அதன் பக்கம் திருப்பிவிட்டேன்.

மென்பொருளில் பெரிய குறை இல்லை. அது பைதனில் எழுதப்பட்ட போலி லினக்ஸ். வந்தவர் எதை அழித்தாலும் நமக்கு நட்டமில்லை. அடித்த ஒவ்வொரு எழுத்தும் நேரத்தோடு பதிவாகும். பிறகு வீடியோ மாதிரி ஓட்டிப் பார்க்கலாம். பெரும்பாலும் வருவது மனிதர்களே இல்லை, பொட்டுகள், அதாவது தானாக ஓடும் நிரல்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் பரவியபோது கேமராக்களைப் பிடிக்க உதவிய 'எக்ஸ்சி3511' என்ற தொழிற்சாலைப் பாஸ்வேர்ட் இன்னமும் என் லொக்கில் (பதிவேட்டில்) விழுகிறது. சாதனத்துக்குத்தான் எங்கள் ஊர் ஒத்துவராது. இடிமழை மாதங்களில் கரண்ட் போய்ப் போய் வந்தால் மெமரி கார்ட் சரிந்துவிடும். லொக்கை வேறு மெஷினுக்கு அனுப்பிவையுங்கள்.

எல்லோரும் கேட்பது, பொறி வைப்பது குற்றமில்லையா என்பது. நான் வக்கீல் இல்லை. ஆனால் இதற்குப் பயப்படத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். தூண்டிவிட்டுப் பிடித்தார்கள் என்ற வாதம் பொலிஸ் போன்ற அரச தரப்பை நோக்கி எழுவது. நாம் யாரையும் கூப்பிடவும் இல்லை. இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் நுழையப் பார்ப்பவரைத்தான் குற்றவாளியாக்குகிறது.

அதே பிரிவு நம் மீதும் பாயும் என்பதுதான் பலருக்கு உறைப்பதில்லை. "சேர், அந்த ஐபிக்குள்ள நாமளும் புகுந்து பார்ப்போமா?" என்று ஒரு மாணவன் கேட்டான். அந்த ஐபியில் இருப்பது எங்கேயோ ஒரு கடைக்காரரின், பொட் பிடித்த டிவிஆராக (கேமராப் பதிவுப் பெட்டியாக) இருக்கலாம். அவரும் பாதிக்கப்பட்டவர், தன் பெட்டி நம் கதவைத் தட்டுவதே அவருக்குத் தெரியாது.

இன்னும் சிக்கலானது, பொட்டுகள் நம்மை இடைத்தரகராக்கப் பார்ப்பது. யாரோ ஒருவரின் மெயில் முகவரியையும் பாஸ்வேர்ட்டையும் கொடுத்து, 'இதை அந்த மெயில் சர்வருக்குக் கடத்து' என்று கேட்கும். கவ்ரி கடத்துவதுபோல் நடித்து, அவ்வளவையும் பதிந்து வைக்கும். இப்படி முகம் தெரியாத மனிதரின் திருட்டுப்போன சாவி ஹட்டனில் என் மேசையில் கிடக்கிறது! நான் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை, மற்றவர்களுக்குக் காட்டுவதில்லை, வாரக் கடைசியில் அழிக்கிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, இதைத்தான் செய்வேன். கோப்பை இறக்கு என்று பொட் சொன்னால் கவ்ரி நிஜமாகவே போய் எடுத்துவரும், அதுவும் நம் ஐபியில். ஆகவே வெளியே போகும் வழியை ஃபயர்வோலில் இறுக்கி வைத்திருக்கிறேன்.

சட்டம் பேசாத இடத்தில்தான் எனக்கும் முகாமையாளருக்கும் முட்டிக்கொண்டது. எல்லோரும் திறக்கும் ஷெயார் ஃபோல்டரில் 'சம்பள விபரம்' என்ற போலிக் கோப்பு வைத்து, யார் தொடுகிறார்கள் என்று பார்க்கச் சொன்னார். "ஒழுங்கானவங்க திறக்க மாட்டாங்கதானே தம்பி?" என்றார்.

"நானே திறப்பேன் சேர்" என்றேன்.

சிரித்துவிட்டார், ஆனால் யோசித்தார். வெளியிலிருந்து வருபவன் தானாக வருகிறான். இங்கே நாம் கிளார்க் பிள்ளையின் முன் ஆசையைக் கொண்டுபோய் வைக்கிறோம். கடைசியில் அந்தக் கோப்பு ஊழியர்களுக்கு அனுமதியே இல்லாத நிர்வாக ஃபோல்டருக்குப் போனது. இப்படி ஒரு கண்காணிப்பு இருக்கிறது என்று அறிவித்தல் பலகையிலும் போட்டோம். இதுவரை அதைத் தொட்டது இரவில் ஓடும் பேக்கப் மென்பொருள் மட்டும்தான்.

போட நினைப்பவர்கள் ஹனிபாட்டை அலுவலக நெட்வேர்க்கிலிருந்து விலேன் (ஒரே சுவிட்ச்சுக்குள் நெட்வேர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் வசதி) மூலம் பிரித்து வையுங்கள். சுவிட்ச்சில் அந்த வசதி இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம்.