அடுப்பில்லாத சாப்பாட்டுக்கு உழவர் சந்தை தாங்குமா?

இயற்கை உணவுக்கு, அதாவது சமைக்காத உணவுக்கு மாறலாம் என்று பேச்சை எடுத்தாலே "அதெல்லாம் காசு இருக்கறவங்களுக்குப்பா" என்று ஒரு பதில் வந்துவிடும். யூடியூபைத் திறந்தால் அவகாடோ, புளூபெர்ரி, சியா விதை, பாதாம் பால் என்று ஒரு கிண்ணத்துக்கே முந்நூறு ரூபாய் ஆகிற மாதிரிதான் காட்டுகிறார்கள், பார்க்கிறவர் வேறு என்ன சொல்வார்? நான் இருப்பது மாடி ரூம். அடுப்பு வைக்க ஓனர் விடமாட்டார், இண்டக்‌ஷனும் கூடாது. காலையும் ராத்திரியும் ஓட்டல் பரோட்டா, தோசை என்று ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அந்த இரண்டு வேளையைச் சமைக்காத உணவாக மாற்றிக்கொண்டேன். மதியம் வழக்கம்போல மெஸ் சாப்பாடு. இரண்டு வேளைக்கும் சேர்த்து நாளுக்கு நூறு ரூபாய், அதற்கு மேல் போகக் கூடாது. இந்தக் கணக்கை எங்கள் ஊர் உழவர் சந்தை தாங்குமா என்று கேட்டால், தாங்கும். ஆனால் காய்கறியை மட்டும் அள்ளிக்கொண்டு வந்தால் தாங்காது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் சந்தையைப் பற்றி. தெரியாதவர்கள் இருக்கலாம், குறிப்பாக ஆப்பிலேயே காய் வாங்கிப் பழகிய தலைமுறை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அப்போதைய முதல்வர் கருணாநிதி தொடங்கிவைத்தது முதல் சந்தை, அப்புறம் மாநிலம் முழுக்க வந்துவிட்டன. விளைவிக்கிறவர் நேராகக் கொண்டுவந்து விற்க வேண்டும், நடுவில் தரகர் கூடாது, அதற்காக விவசாயிக்குப் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை, வாடகை இல்லாத கடை, தராசும் சந்தையே கொடுக்கும். மொத்த மார்க்கெட் விலையையும் வெளிக்கடை விலையையும் பார்த்துவிட்டுத் தினமும் காலையில் ஒரு விலை வைக்கிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட, சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பதுதான் கணக்கு. வாசலில் பெரிய பலகையில் எல்லாக் காய்க்கும் விலை எழுதியிருக்கும். எனக்கு இந்தச் சந்தையில் ரொம்பப் பிடித்தது அந்தப் பலகைதான். பேரம் பேசத் தெரியாத ஆள் நான், உள்ளே போகும் முன்பே கையில் இருக்கிற காசுக்கு என்னென்ன வரும் என்று வாசலிலேயே நின்று மனக்கணக்குப் போட்டுவிடலாம்.

பச்சையாகத் தின்பதற்கு வாங்குகிறவனுக்கும் பொரியலுக்கு வாங்குகிறவனுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது வெள்ளரிக்காய் விற்கிற அக்கா ஒருவர். நான் பெரிதாக, பளபளவென்று இருந்த காயாகப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். "சாம்பாருக்கா தம்பி?" என்றார். இல்லக்கா, அப்படியே சாப்பிட என்றேன். "அப்ப இத வை" என்று கையிலிருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கூடைக்கு அடியில் கையைவிட்டு, மேலே இன்னும் மெல்லிய முள் மாதிரி சுணை இருக்கிற பிஞ்சாக எடுத்து ஒன்றை நடுவில் ஒடித்துக் காட்டினார். சடக்கென்று ஒடிந்தது, விதையே தெரியவில்லை. எடை போட்ட பிறகு கொசுறாக ஒரு கொத்து கறிவேப்பிலையும் நாலு பச்சை மிளகாயும். இந்தக் கொசுறு எந்த ஆப்பிலும் வராது, பச்சையாகச் சாப்பிடுகிறவனுக்குக் கறிவேப்பிலை என்பது ஓரமாக ஒதுக்கித் தள்ளுகிற சமாச்சாரமும் இல்லை.

இப்போது காசுக் கணக்குக்கு வருகிறேன். சமைக்காத உணவு ஆரம்பிக்கிற பலர் ஒரு வாரத்தில் கைவிடக் காரணம் நாக்கு இல்லை, பசி. வெள்ளரிக்காய் நூறு கிராமில் பதினைந்து கலோரிதான் இருக்கிறது, தக்காளியும் கோசும் அதற்கு ரொம்ப மேலே போகாது. ஒரு பெரிய தட்டு நிறைய நறுக்கித் தின்றாலும் நூறு கலோரி தாண்டாது, பத்து மணிக்கு வயிறு கிள்ள ஆரம்பித்துவிடும், டீக்கடையில் இரண்டு வடை உள்ளே போகும், அத்தோடு விரதம் முடிந்தது. ஆகவே காசு போக வேண்டிய இடம் காய்கறி இல்லை, கடலையும் தேங்காயும் பயறும் வாழைப்பழமும். வறுக்காத நிலக்கடலைப் பருப்பு நூறு கிராம் எனக்குப் பதினைந்து ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது, அதில் 560 கலோரிக்கு மேல், புரதம் மட்டும் 25 கிராம். பாதாமின் புரதமும் ஏறத்தாழ அதே அளவுதான், விலையோ ஐந்தாறு மடங்கு. ராத்திரி ஊறப்போட்டால் காலையில் பச்சை வாடை போய் மொறுமொறுவென்று இருக்கும்.

என் ஒரு நாள் சராசரி இப்படி: கடலை நூறு கிராம், பாசிப்பயறு ஒரு கைப்பிடி (முளைகட்டினால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும்), தேங்காய் அரை மூடி, பூவன் பழம் மூன்று, காய்கறி அரைக் கிலோ சொச்சம், எலுமிச்சை, மல்லித்தழை. எல்லாம் சேர்த்து எண்பது எண்பத்தைந்து ரூபாய்க்குள் அடங்கும், கலோரி 1,300 பக்கம் வரும். மிச்சக் காசில் பப்பாளியோ கொய்யாவோ. தேங்காய் விலை ஏறியிருக்கிற நாட்களில் கடலை கூடும், தேங்காய் குறையும், அவ்வளவுதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒருவர் நாளுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் சாப்பிட வேண்டும் என்று இருக்கிறது. ஓட்டலில் சாப்பிட்ட காலத்தில் அதில் கால்வாசிகூட என் வயிற்றுக்குள் போனதில்லை.

ஒரு குறை, இந்தக் கடலையும் பயறும் எங்கள் சந்தைக்குள் சரியாகக் கிடைப்பதில்லை. எப்போதாவது ஒரு விவசாயி அறுவடை முடிந்த கையோடு கடலை மூட்டையோடு வந்து உட்காருவார், அன்றைக்கு வாங்கினால்தான் உண்டு. மற்ற நாட்களில் பக்கத்து மளிகைக் கடைதான். அங்கே வாங்கும்போது சுருங்கினது, கறுத்தது, பூசணம் பிடித்தது, வாயில் போட்டுக் கசப்பது எதுவாக இருந்தாலும் தயவு பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். கடலைப் பூசணத்தில் வருகிற அஃப்ளாடாக்ஸின் ஈரலுக்கு ஆகாத விஷம், ஊறவைத்தால் போகாது. வாழைப்பழமும் சந்தையில் வாரத்தில் சில நாள்தான் நன்றாக இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாரம் சாலட் டப்பா அனுப்புகிற சேவை ஒன்றையும் எடுத்துப் பார்த்தேன், பேர் வேண்டாம். டப்பா இருநூறு ரூபாய்க்குப் பக்கம். ஐஸ்பர்க் லெட்யூஸ், நாலு துண்டு சிவப்புக் குடைமிளகாய், ஐந்தாறு ஆலிவ், சின்னக் கிண்ணத்தில் ஒரு டிரெஸ்ஸிங். படம் எடுத்துப் போட நன்றாக இருக்கும். ஒரு நாள் லெட்யூஸ் ஓரமெல்லாம் பழுப்பாகி வந்தது, புகார் சொன்னதற்கு அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் தள்ளுபடிக் கூப்பன் கொடுத்தார்கள். அந்த டப்பா சாலட்டைச் சாப்பிட்டுவிட்டு மேற்கொண்டு இரண்டு வாழைப்பழம் தின்னாமல் ஒரு நாளும் தூங்கியதில்லை. இருநூறு ரூபாய்க்கு உழவர் சந்தையில் ஒரு ஆளுக்கு நாலு நாளைக்கான காய்கறியும் கீரையும் வாங்கிவிடலாம்.

சரி, டிரெஸ்ஸிங் செய்யத் தெரியாது என்பவர்களுக்குக் கோசம்பரி இருக்கவே இருக்கிறது. ராமநவமிக்குப் பானகத்தோடு கொடுப்பார்களே அதுதான். பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரி, துருவிய கேரட், தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், மல்லித்தழை, எலுமிச்சை, உப்பு. தாளிப்பை விட்டுவிட்டால் அடுப்பே வேண்டாம். உப்பை மட்டும் சாப்பிடும்போது போடுங்கள், முன்னாலேயே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும். வல்லாரைக் கட்டு கிடைத்தால் அதைப் பொடியாக அரிந்து தேங்காய், சின்ன வெங்காயம், எலுமிச்சையோடு பிசைந்தால் அதுவும் அருமை. அவல் ஊறவைத்துச் சாப்பிடுவதைச் சிலர் இயற்கை உணவில் சேர்ப்பதில்லை, நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்த பொருள் என்பதால். வெல்லமும் காய்ச்சியதுதான். நான் இரண்டையும் சாப்பிடுகிறேன், எனக்கு வேண்டியது சான்றிதழ் இல்லை, வயிறு நிறைய வேண்டும்.

விலை மலிவு என்பதற்காகச் சந்தையில் கிடைப்பதையெல்லாம் பச்சையாகத் தின்னக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மரவள்ளிக் கிழங்கு பச்சையாக ஆகாது, சயனைடு உண்டு. ராஜ்மா பச்சையாகவோ முளைகட்டியோ தின்றால் வாந்தி, பேதி நிச்சயம். முளைவிட்ட, பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கைத் தொடாதீர்கள். சுரைக்காய்தான் இதில் மோசம், ஏனென்றால் விலை குறைவு, காலையில் வெறும் வயிற்றில் சாறு குடி என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கசக்கிற சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரே போயிருக்கிறது, அதன்பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு போட்டு, கசந்தால் குடிக்கவே கூடாது என்று சொன்னது. ஒரு சின்னத் துண்டை நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள், கசப்பு தட்டினால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். பதினைந்து ரூபாய் போனால் போகிறது.

அப்புறம் முளைப்பயறு. நல்லது என்று எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறோம், ஆனால் பயறு முளைக்கத் தேவையான அதே ஈரமும் சூடும் கிருமிக்கும் கொண்டாட்டம். 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளையில் இருந்து பரவிய ஈ.கோலை கிருமியால் ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்காக நான் விடவில்லை, ஆனால் முளைகட்டுகிற துணியைத் தினமும் துவைத்து வெயிலில் காயப்போடுகிறேன், பயறை நாலைந்து தரம் நல்ல தண்ணீரில் அலசுகிறேன், மூக்கில் வைத்தால் புளித்த வாடை வந்தால் எறிந்துவிடுகிறேன். ஃப்ரிட்ஜ் இல்லாத ரூமில் முளை விட்ட அன்றைக்கே தின்றுவிட வேண்டும். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் வேகவைத்தே சாப்பிடட்டும்.

உழவர் சந்தைக் காய் என்றால் மருந்து அடிக்காதது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அப்படி எந்த உத்தரவாதமும் அங்கே கிடையாது, விவசாயி நேராக விற்கிறார் என்பது மட்டும்தான் உத்தரவாதம். நாம் வேகவைக்கப் போவதில்லை என்பதால் கழுவுவதில் சோம்பல் கூடாது. ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவது, கோசின் மேல் இலைகளை உரித்துப் போடுவது, கீரையை மண் போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவது. இதற்கே தினமும் அரை மணி நேரம் போய்விடுகிறது, வேலைக்கு ஓடுகிறவர்கள் இந்த நேரத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வேளையும் இப்படியே போகலாமா என்றால் என் பதில் வேண்டாம். பச்சைக் காய், பழம், கடலை எதிலும் வைட்டமின் பி12 கிடையாது, எனக்கு அது மதியத் தயிரிலும் முட்டையிலும் வருகிறது. காந்தியே 1929-இல் முளைகட்டிய கோதுமை அது இதுவென்று சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்து, எடை குறைந்து, வயிறு கெட்டு, விட்டுவிட்டார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள், கிட்னியில் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கம் வராதீர்கள்.

சந்தைக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண். ஒன்று குறைந்தது நேரத்துக்காக. ஆறு மணிக்குப் போனால் எல்லாம் பிஞ்சாக, பனி காயாமல் கிடைக்கும், எட்டரைக்கு மேல் போனால் மிச்சம் மீதிதான், ஷிப்ட் வேலைக்காரர்களுக்குக் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பொறுக்கி எடுக்கவே முடியாது, செவ்வாய் புதன் மாதிரி நடுவாரத்தில் போங்கள். சில்லறையும் பையும் கொண்டுபோங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் கீரையும் தக்காளியும் விலை ஏறி, சேறும் சகதியுமாக வரும், அந்த மாதங்களில் கீரையை விட்டுவிட்டுத் தோல் சீவிச் சாப்பிடுகிற பப்பாளி, கேரட், வெள்ளரி பக்கம் போய்விடுவது பர்ஸுக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது.