தூரத்து வேலைக்கு விண்ணப்பம்: தூரத்தைச் சொல்வதா, மறைப்பதா, வீட்டையே மாற்றுவதா?

முதல் போன் பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும். அனுபவம், சம்பளம், எப்போது சேர முடியும் என்று வரிசையாகக் கேட்டு முடித்துவிட்டு, "வீடு எங்கே இருக்கு?" என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிர்முனையில் ஒரு சின்ன அமைதி. "அங்கேயிருந்து தினமும் வருவீங்களா?" ஒருமுறை இந்தக் கேள்விக்கு நான் "அதெல்லாம் பிரச்சினை இல்லைங்க, சமாளிச்சுக்குவேன்" என்றேன். அதோடு சரி, அடுத்த சுற்றுக்கு அழைப்பே வரவில்லை. இன்று யோசித்தால், வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நான் இருந்தாலும் அந்தப் பதிலை நம்பியிருக்க மாட்டேன்.

அவர்களுடைய பயம் இரண்டு: தினமும் தாமதமாக வருவாரோ, ஆறு மாதத்தில் பக்கத்தில் ஒரு வேலை கிடைத்ததும் போய்விடுவாரோ. இது நம் கற்பனையும் இல்லை. டேவிட் பிலிப்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர், வாஷிங்டன் நகரில் குறைந்த சம்பள வேலைகளுக்குக் கற்பனையான ரெஸ்யூம்களை அனுப்பிப் பார்த்தார். சிலவற்றில் பக்கத்து முகவரி, சிலவற்றில் தூரத்து முகவரி. தூரத்தில் இருப்பதாகச் சொன்னவர்களுக்குத் திரும்ப வந்த அழைப்புகள் குறைவு. 2020இல் வெளியான ஆய்வு இது.

அப்படியானால் முகவரியை எடுத்துவிட்டால் என்ன? போன் நம்பர், ஈமெயில் மட்டும் போதும். வீட்டு எண், தெருப் பெயர் எல்லாம் ரெஸ்யூமில் போட வேண்டிய கட்டாயம் இன்று பெரும்பாலும் இல்லை. முதல் சல்லடையில் தூரத்துக்காக மட்டும் கழிக்கப்படுவதை இது தடுக்கும். அந்த அளவுக்கு இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் கேட்கும்போதும் மழுப்பினால் கதை மாறிவிடுகிறது. மூன்றாவது சுற்றில்தான் தூரம் தெரிய வருகிறது என்றால், அவர்கள் மனதில் நிற்பது தூரத்தைவிட நாம் மறைத்த விஷயம்தான். நண்பர் வீட்டு முகவரியைப் போடுவது இன்னும் மோசம். சேரும்போது கொடுக்கும் ஆவணங்களில் அது வெளியே வந்தே தீரும்.

கவர் லெட்டரிலேயே சொல்லிவிடுவது அடுத்த வழி. வேறு நகரத்திலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு இதுதான் சரி. படிப்பவருக்கு நம் ரெஸ்யூமிலேயே தூரம் தெரிந்துவிடும். விளக்கம் இல்லையென்றால் அப்படியே தள்ளிவைத்துவிடுவார். "வேலை உறுதியானால் ஒரு மாதத்துக்குள் குடிவந்துவிடுவேன்" என்று ஒரே வரி போதும், அது உண்மையாக இருந்தால். வீடு மாறும் எண்ணமே இல்லாமல் இதை எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சேர்ந்த மூன்றாவது மாதம் "வீடு பார்த்தாச்சா?" என்று மேலாளர் கேட்கும்போது முழிக்க வேண்டியிருக்கும்.

ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால் என் ஓட்டு முதல் போன் பேச்சுக்குத்தான். கடிதத்தில் எழுதினால், நம் திறமையைப் படிப்பதற்கு முன்பே தூரம் கண்ணில் பட்டுவிடும். கடைசிச் சுற்றுவரை தள்ளிப்போட்டால் இரண்டு பக்கமும் நேரம் வீண். போனில் என்றால், கொஞ்சம் பேசிப் பழகிய பிறகு, அவர்கள் கேட்பதற்கு முன் நாமே எடுக்கலாம். அப்படி எடுக்கும்போது கையில் விவரம் இருக்க வேண்டும்: எந்த வண்டி, எத்தனை மணிக்குக் கிளம்புவேன், அது தவறினால் அடுத்தது எது.

அந்த விவரம் வேண்டுமென்றால் ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மேப்பில் பார்த்தபோது 70 நிமிடம் என்று காட்டியது, மனம் குளிர்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலை அதே வழியில் போனேன், 1 மணி 50 நிமிடம். அதில் இரண்டாவது பஸ்ஸுக்காக நின்றது மட்டும் 25 நிமிடம். மாலையும் திரும்பி வந்து பாருங்கள். காலையில் உட்கார இடம் கிடைக்கும் வண்டியில் மாலையில் கால் வைக்கவே இடம் இருக்காது. மேப்பில் பார்ப்பதாக இருந்தாலும் வேலை நாளையும் கிளம்பும் நேரத்தையும் கொடுத்துப் பாருங்கள்.

ஒன்றரை மணி நேரம் என்பதிலும் வகை இருக்கிறது. ஒரே ரயிலில் உட்கார்ந்து போகும் 90 நிமிடத்தில் படிக்கலாம், தூங்கலாம். இரண்டு இடத்தில் மாறிப் போகும் 90 நிமிடத்தில் மாறும் இடத்தைப் பற்றிய பதற்றம்தான் மிச்சம். வண்டி ஓட்டிக்கொண்டு போனால் கையும் கண்ணும் கட்டுண்டு கிடக்கும்.

இப்போது ஆஃபர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அலைவதா, வீடு மாறுவதா? போக ஒன்றரை, வர ஒன்றரை, ஆக நாளுக்கு 3 மணி. வருடத்துக்கு 240 வேலை நாள் என்றால் 720 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 90 நாள்! வாரம் 40 மணி வேலைக்கு 55 மணி கொடுக்கிறோம். ஒரு மணி நேரத்துக்கான சம்பளம் கால் பங்குக்கும் மேலே குறைந்துபோகிறது. பயணச் செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை.

பழகிவிடும் என்பார்கள். உளவியலாளர் டேனியல் கானமனும் அவர் குழுவினரும் டெக்சாஸில் வேலைக்குப் போகும் சுமார் 900 பெண்களிடம், ஒரு நாளில் செய்த ஒவ்வொன்றின்போதும் மனநிலை எப்படி இருந்தது என்று மதிப்பிடச் சொன்னார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில் அடிமட்டத்தில் இருந்தது காலைப் பயணம்தான். நீண்ட பயணத்துக்கு ஈடாக நல்ல சம்பளமோ நல்ல வீடோ கிடைக்கிறது என்ற கணக்கும் இடிக்கிறது: ஸ்டுட்ஸர், ஃப்ரே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மானியத் தரவுகளை ஆராய்ந்து 2008இல் எழுதியது, அதிகம் பயணம் செய்பவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருக்கிறது என்பதுதான்.

அதற்காக உடனே வீட்டைக் காலி செய்யச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளின் பள்ளி, துணையின் வேலை, வயதான பெற்றோர் என்று வீடு பல பேரைக் கட்டிவைத்திருக்கிறது. வேலையோ, தகுதிகாண் காலம் (புரொபேஷன்) முடியும்வரை நம்முடையதே இல்லை. தனி ஆள் என்றால் மாறிவிடலாம். குடும்பம் இருந்தால் முதல் சில மாதம் அலைந்து பார்த்துவிட்டு முடிவு செய்வது மேல்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி, கேட்டு வாங்குவது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்றால் 15 மணிப் பயணம் 9 ஆகிவிடும். ஆனால் அது பெரும்பாலும் நிறுவனக் கொள்கை. மேலாளர் நினைத்தாலும் முடியாமல் போகலாம். ஒரு மணி நேரம் தள்ளி வந்து தள்ளிப் போவதை அவரே அனுமதிக்க முடியும். நெரிசல் நேரத்தைத் தவிர்த்தாலே பாதிப் பாரம் இறங்கும். நானாக இருந்தால் முதலில் நேரத்தைக் கேட்பேன், அப்புறம் நாட்களை. பயணத்துக்காகக் கூடுதல் சம்பளம் கேட்பதைக் கடைசியில் வைப்பேன், பணம் வந்தாலும் அந்த 3 மணி நேரம் திரும்பி வராது. எதைக் கேட்டாலும் ஆஃபர் வந்த பிறகு, கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். ஈமெயிலிலாவது எழுதி வாங்குங்கள். மேலாளர் மாறினால் வாய்ப்பேச்சு அவரோடு போய்விடும்.

அடுத்த முறை போன் வந்தபோது நானே ஆரம்பித்தேன். "வீடு கொஞ்சம் தூரம்ங்க, ஒன்றரை மணி நேரம் ஆகும். போன வாரம் காலையில் வந்து பார்த்தேன். 7 மணி ரயிலைப் பிடிச்சா எட்டரைக்கெல்லாம் வாசல்ல இருப்பேன். அது போயிட்டா இருபது நிமிஷத்துல இன்னொன்னு இருக்கு." மறுமுனையில் சிரிக்கும் சத்தம் கேட்டது. "சரி, புதன்கிழமை நேர்ல வாங்க. மதியம் வச்சுக்கலாமா?" என்றார். காலை ஒன்பதுக்கே வைத்துக்கொள்ளலாம் என்றேன். அந்த 7 மணி ரயிலில் இன்னொரு முறை வந்து பார்த்துவிடலாமே.