ஃபைபர் பேனலை இரும்பில் ஒட்டும் பசை: சிங்கப்பூர் துவாஸ் கப்பல் யார்டில் சில வருட அனுபவம்

வேலைப்படகுகளின் வீல்ஹவுஸுக்கு (படகோட்டும் அறைக்கு) ஃபைபர் சாண்ட்விச் பேனல் போடுகிறோம். கீழே இரும்புக் கோமிங் (டெக்கிலிருந்து எழும் விளிம்புச் சட்டம்), மேலே நடுவில் ஃபோம் வைத்த பேனல். முன்பெல்லாம் வெறும் போல்ட்தான். இறுக்க இறுக்க ஃபோம் நசுங்கும், ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். அப்புறம்தான் இரண்டு பாகம் கலந்து போடும் மெத்தக்ரிலேட் பசைக்கு மாறினோம். பசை உண்மையிலேயே நல்லது. ஆனால் இந்த ஊர் ஈரம் அதைச் சும்மா விடாது.

கிரிட் பிளாஸ்டிங் (துகள்களை வேகமாக அடித்துத் துருவை நீக்குவது) முடிந்து இரும்பு சாம்பல் நிறமானதும் வேலை முடிந்த மாதிரி இருக்கும். காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் டியூ பாயிண்ட், அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும் வெப்பநிலை, 25-ஐத் தாண்டிவிடும். இரும்பு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும். விடியற்காலையில் அது நடக்காது. மதிய வெயிலிலோ பசை, இரண்டு பாகமும் கலந்து வெளிவரும் நாசிலிலேயே இறுகத் தொடங்கும், ஏனென்றால் டப்பாவில் போட்டிருக்கும் இறுகும் நேரம் 23 டிகிரிக்கானது. அதனால் கூடாரம் போட்டு, பத்து மணிக்கு மேல் ஒட்டுகிறோம். நாசிலில் முதலில் வரும் பசையில் இரண்டு நிறம் கோடு கோடாகத் தெரியும். ஒரே நிறமாகும் வரை அதை வெளியே பிழிந்துவிட வேண்டும்.

பசை தடிமனைக் குறைத்து மிச்சம் பிடிப்பது எனக்குப் பிடிக்காத வேலை. கோமிங் அலுமினியமாக இருந்தால் இன்னும் ஆபத்து: அது இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 4 மீட்டர் நீளத்தில், 35 டிகிரி ஏற்ற இறக்கத்தில், இரும்பைவிட ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக நகரும். அதை மெல்லிய பசை தாங்காது. கார்பன் பேனல் என்றால் நடுவில் கண்ணாடி ஃபைபர் ஒரு அடுக்கு கட்டாயம். கார்பன் நேரடியாகத் தொட்டால் உப்புத்தண்ணீரில் அலுமினியம் அரித்துவிடும்.

டிரை டாக்கில் ஏறிய பழைய படகுகளின் இணைப்பை நாணயத்தால் தட்டிப் பார்த்திருக்கிறேன். நடுப்பகுதி எங்கும் ஒரே சத்தம், கெட்டி. வம்பு ஓரத்தில்தான். பெயிண்ட் பெயர்ந்த மூலையில் துரு நுழைந்து பசைக்கடியில் ஊர்கிறது. இப்போது ஓரம் முழுக்க சீலண்ட் அடித்து, அதன்மேல் பெயிண்ட் கொடுக்கிறோம்.

இன்னொன்று, வெல்டிங். பசை 80 டிகிரியைத் தாண்டினாலே பலம் இழக்கத் தொடங்கும். கோமிங்கில் பிராக்கெட் வைக்கச் சொன்னால், ஒட்டுவதற்கு முன்பே வைத்துவிடச் சொல்லுங்கள்.