முதுகில் ஊசியா, முழு மயக்கமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சிசேரியனுக்கு வரும் பெண்களில் பெரும்பாலோருக்கு முதுகில் ஒரே ஊசி, அவ்வளவுதான். முதுகெலும்புப் பிளவோடு, அதாவது ஸ்பைனா பிஃபிடாவோடு பிறந்த பெண் வந்தால் பேச்சு நீண்டுவிடும். சாட்ஸ்வர்த்திலிருந்து மகளோடு வந்த ஒரு அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார்: "டாக்டரம்மா, இவ முதுகுல மட்டும் கை வைக்காதீங்க. சின்னப் புள்ளையா இருக்கும்போது அங்கதான் ஆபரேஷன் பண்ணாங்க."

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்போடு முடிந்துவிடும். அதற்குக் கீழே வெறும் நரம்பு இழைகள்தான். நீரில் மிதப்பதால் ஊசிக்கு விலகிக்கொள்ளும். இந்தப் பெண்களில் சிலருக்குத் தண்டுவடம் கீழே ஒட்டிப்போய், நான்காம் ஐந்தாம் எலும்பு வரைகூட இறங்கியிருக்கும். நாங்கள் வழக்கமாகக் குத்துகிற இடம் அதுதானே! எம்ஆர்ஐ ஸ்கேன் பார்க்காமல் இவர்களுக்கு ஸ்பைனல், அதாவது அந்த ஒற்றை முதுகு ஊசி, போட நான் சம்மதிப்பதில்லை.

எலும்பு மட்டும் சேராமல் விட்டுப்போன, தொந்தரவே தராத பிளவு வேறு கதை. அது நிறையப் பேருக்கு உண்டு, ஊசி தாராளமாகப் போடலாம். ஆனால் இடுப்புக்குப் பின்னால் ஒரு கொத்து முடியோ, குழியோ, கொழுப்புக் கட்டியோ தென்பட்டால் கையை எடுத்துவிடுவேன்.

எபிடியூரல் என்பது முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து கொடுப்பது. அதைப் பிளவுக்கு மேலே போடலாம், மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். பழைய தழும்பு குறுக்கே நின்றால் ஒரு பக்கம் மரக்கும், மறு பக்கம் வலிக்கும். பிரசவ வலிக்குச் சரி, கத்தி வைக்கும்போது அதை நம்ப எனக்கு மனம் வராது.

முழு மயக்கத்தில் முதுகைத் தொட வேண்டியதில்லை. ஆனால் கர்ப்பிணிக்கு வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். தொண்டை வீங்கியிருந்தால் குழாய் இறங்காது. திறந்த பிளவோடு பிறந்த சிலருக்கு மூச்சுக்குழல் குட்டை என்பதால் குழாய் ஒரே நுரையீரலுக்குள் நழுவிவிடும். தலையில் ஷண்ட், அதாவது மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய், வைத்தவரா என்பதையும் கேட்டாக வேண்டும். இத்தனை இருந்தும், நடுராத்திரி, ஸ்கேன் இல்லை, குழந்தைக்கு ஆபத்து என்றால் இதைத்தான் எடுப்பேன்.

எந்த வழியானாலும் லேடெக்ஸ் கையுறை கூடாது. சிறு வயதிலிருந்து ஆபரேஷன், சிறுநீர்க் குழாய் என்று ரப்பரோடே வளர்ந்தவர்களுக்கு அது உயிரை எடுக்கும் ஒவ்வாமை ஆகிவிடலாம்.

2003 அக்டோபரிலிருந்து இந்த நாட்டில் மக்காச்சோள மாவிலும் ரொட்டி மாவிலும் ஃபோலிக் அமிலம் கலக்கிறார்கள். இப்படிப் பிறக்கும் குழந்தைகள் குறைந்திருக்கின்றன. சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த அந்த மகள் அதற்கு முன்னால் பிறந்தவள். ஸ்கேனில் தண்டுவடம் நான்காம் எலும்புக்கும் கீழே இருந்தது. லேடெக்ஸ் எதையும் உள்ளே விடாமல், காலை முதல் கேஸாக, முழு மயக்கம் கொடுத்தோம். விழித்தவள் குழந்தையைக் கேட்பதற்கு முன், போர்வைக்குள் கால் விரல்களை ஆட்டிப் பார்த்துக்கொண்டாள்.