அம்மாவோட பழைய பைபிள ரீபைண்டிங் பண்ணின கதை (சிவாஜிநகர், பெங்களூர்)

ரிவ்யூ எழுதறதெல்லாம் எனக்கு பழக்கமில்ல. ஆனா போன மாசம் மட்டும் சர்ச்ல மூணு பேர் "பைபிள் கிழிஞ்சிருச்சு, இங்க எங்க பைண்டிங் பண்ணலாம்"னு கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டு மாளல, அதான் ஒரே தடவையா எழுதிடறேன்.

அம்மாவுக்கு 1978-ல கல்யாணத்தப்போ தாத்தா குடுத்த பைபிள் அது. திங்கள்லருந்து சனி வரைக்கும் தினம் மூணு மூணு அதிகாரம், ஞாயித்துக்கிழமை அஞ்சு, இப்படி போனா 1,189 அதிகாரமும் வருஷத்துக்குள்ள முடிஞ்சிடும்னு பழைய கணக்கு ஒண்ணு இருக்கில்ல, அம்மா அந்த கணக்க விட்டதே இல்ல, காலைல நாலரைக்கு எழுந்து காபி கூட குடிக்காம உக்காந்துடுவாங்க. அப்புறம் புக்கு என்ன கதியாகும். ஆதியாகமம் தனி, வெளிப்படுத்தல் தனி, சங்கீதம் தையல் விட்டு கத்தையா கையோட வந்துரும். ரப்பர் பேண்ட் போட்டுதான் சர்ச்சுக்கே எடுத்துட்டு போவாங்க. எம்.ஜி. ரோட்டுல பைபிள் சொசைட்டி இருக்கு, பெரிய எழுத்துல புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்மான்னா காதுலயே வாங்கல. மார்ஜின் பூரா பென்சில்ல எழுதி வச்சிருக்காங்க, அண்ணனுக்கு டைபாய்டு வந்த தேதி, அப்பாவுக்கு வேலை போன அன்னிக்கு வாசிச்ச வசனம், என்னோட எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட்டு. புது பைபிள்ல இதெல்லாம் எங்க இருக்கு?

கடைல குடுக்க பயம் வேற. ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவோட பாமாலை கீர்த்தனை புக்க (சர்ச்ல பாடற பாட்டு புக்கு) ஒரு கடைல குடுத்தேன், எந்த கடைன்னு சொல்ல வேணாம். போர்டுல ஒரு வசனம், கல்லாப்பெட்டி மேல ஒரு வசனம், பில்லுல ஒரு வசனம், உள்ள நுழையும்போதே பிரைஸ் த லார்ட் சிஸ்டர். நம்ம ஆளுங்கதானேன்னு நானும் பேரம் கூட பேசாம குடுத்துட்டு வந்தேன். தைக்கவே இல்லங்க, முதுகுல பசைய தடவி ஒட்டிட்டு, ஓரம் சமமா தெரியணும்னு மிஷின்ல வச்சு மூணு பக்கமும் நறுக்கிட்டாங்க. அப்பா எழுதி வச்சிருந்ததுல பாதி போச்சு, ஒரே மாசத்துல முதுகும் வெடிச்சிருச்சு. அப்பா இல்லாத வீட்ல அவர் கையெழுத்து போச்சுன்னா எப்படி இருக்கும். அம்மா சத்தம் போடல, "பார்வைக்கு ஊழியம்"னு மட்டும் சொன்னாங்க, அதாவது அடுத்தவங்க கண்ணுக்கு நல்லா தெரியணும்னு மட்டும் செய்யற வேலை.

இப்ப குடுத்த கடைக்கு போர்டே கிடையாது. ரசல் மார்க்கெட்லருந்து செயின்ட் மேரிஸ் பசிலிக்கா பக்கம் வர்ற சந்து ஒண்ணுல, கல்யாண கார்டு அடிக்கற பிரஸ்ஸ ஒட்டி, மாடிப்படிக்கு கீழ ஒரு ஆள் உக்கார்ற எடம். பைண்டிங் பண்ற அண்ணா கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) காரர். 2001-ல மைன்ஸ் மூடினதுக்கு அப்புறம் தினம் ட்ரெயின் பிடிச்சு பெங்களூர் வந்து பொழைக்கற நம்ம ஜனம் எத்தனையோ பேர், அதுல அவரும் ஒருத்தர், கன்டோன்மென்ட்ல எறங்கி நடந்தே வந்துடறார். செவுத்துல ஒரு வசனம் இல்ல, ஒரு நாள்காட்டி கூட இல்ல. பைபிள வாங்கி உடனே ரேட் சொல்லல, பக்கம் பக்கமா திருப்பி பாத்துட்டு "இந்த பென்சில் எழுத்து யாரோடது சிஸ்டர்"னு கேட்டார். அம்மாதுன்னேன். "அப்ப ஓரம் வெட்ட மாட்டேன், கொஞ்சம் மேடு பள்ளமா தெரியும், பரவால்லயா?" எனக்கு அங்கயே மனசு எறங்கிருச்சு.

வேலைய சொல்றேன். மொத்தமா ஃபாரம் ஃபாரமா (சேத்து மடிச்ச தாள் கட்டு கட்டா) பிரிச்சு, நூலுக்கு மெழுகு தேய்ச்சு, ஒவ்வொண்ணா கையில தச்சிருக்கார். முதுகுக்கு காடா துணி. பசை அவரே காய்ச்சற மைதா பசை, பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போடுவாராம். கிழிஞ்ச பக்கத்துக்கு மெல்லிசு டிஷ்யூ பேப்பர். அம்மா அங்கங்க செல்லோடேப் ஒட்டி வச்சிருந்தாங்க, அது மஞ்சளாகி எழுத்தோட ஒட்டிக்கிச்சு, அத எடுக்கறதுதான் பெரும்பாடுன்னார். இப்ப மேசை மேல விரிச்சு வச்சா கையெடுத்தாலும் மூடிக்கல, சங்கீதம் 119 அப்படியே கெடக்குது.

நடுவுல ஒரு நாள் பாக்க போனப்போ காலேஜ் பையன் ஒருத்தனோட ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ட முழுசா பிரிச்சு போட்டு மறுபடி தச்சிட்டிருந்தார். ஒரு பக்கம் லேசா கோணலாம். எனக்கு உத்து பாத்தும் தெரியல. அந்த பையன் வைவா முடிஞ்சதும் அத பரண்ல போட்டுடுவான்ணா, எதுக்கு இந்த பாடுன்னு கேட்டேன். "அவனுக்கு தெரியாது, எனக்கு தெரியுதே"ன்னுட்டு தலைய கூட தூக்காம தச்சார்.

பைபிள்ல பவுல் எழுதின கொலோசெயர் நிருபம் மூணாவது அதிகாரத்துல "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்"னு வருதே, நம்ம சர்ச்ல அத கொயர் பிராக்டிஸுக்கு லேட்டா வர்றவங்கள திட்டத்தான் எடுப்பாங்க. (தமிழ்ல 24-ம் வசனம், என் பையனோட இங்கிலீஷ் பைபிள்ல 23, வீட்ல இதுக்கே ஒரு சண்டை நடந்திருக்கு.) ஆனா ரெண்டு வசனம் மேல போய் பாருங்க, பவுல் அத சொல்றது வேலைக்காரங்களுக்கு, அதாவது அந்த காலத்து அடிமைங்களுக்கு. மேடைல பாடறவங்களுக்கு இல்ல, எஜமான் வீட்ல பாத்திரம் தேய்க்கறவனுக்கும் தண்ணி சுமக்கறவனுக்கும். அம்மா சொன்ன அந்த "பார்வைக்கு ஊழியம்" அங்கதான் வருது. அண்ணா கிட்ட இத சொல்லிருந்தா சிரிச்சிருப்பார்னு நெனக்கறேன், சொல்லல.

கொறைய சொல்லாம விட்டா ரிவ்யூ இல்ல. பத்து நாள்ன்னார், பதினெட்டு நாள் ஆச்சு. போன் எடுக்கவே மாட்டார், நேர்லதான் போகணும், பார்க்கிங் பத்தி கேக்காதீங்க, மெட்ரோ இல்லன்னா பஸ். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போனா ட்ரெயினுக்கு கெளம்பிட்டிருப்பார். தங்க எழுத்து போட்டு தர மாட்டார், அந்த மிஷின் இல்ல. கைத்தையல்ல புக்கு கொஞ்சம் தடிச்சிருச்சு, பழைய ஜிப் கவருக்குள்ள நொழையல, கவர் வேற வாங்கணும். ஒரு வாரத்துக்கு பசை வாசனை இருந்துச்சு. 750 ரூபா, ஜீபே உண்டு, நான் 1,000 குடுத்தப்போ மிச்சம் 250-ஐ எண்ணி கைல வச்சார். அஞ்சுக்கு நாலரை ஸ்டார், கொறைச்ச அந்த அரை பதினெட்டு நாளுக்காக.

ஒண்ணு விட்டுட்டேன். பைபிளோட ஒரு காக்கி கவரும் குடுத்தார். உள்ள இத்தனை வருஷமா அம்மா பக்கத்துக்கு நடுவுல சொருகி வச்சதெல்லாம் இருக்கு, காஞ்ச குருத்தோலை சிலுவை, பஸ் டிக்கெட்டு, அப்பா எழுதின மளிகை லிஸ்ட்டு, ஒரு பழைய பால் பில்லு. ஒவ்வொண்ணோட மூலைலயும் எந்த பக்கத்துல இருந்துச்சுன்னு பென்சில்ல நம்பர். அம்மா கண்ணாடிய போட்டுட்டு ஒரு மணி நேரம் உக்காந்து எல்லாத்தையும் அந்தந்த எடத்துல வச்சாங்க, பால் பில்லு உள்பட. கடைசில அலமாரிய தொறந்து அப்பாவோட பாமாலை புக்க எடுத்து என் கைல குடுத்தாங்க. சனிக்கிழமை கொண்டு போய் குடுத்துட்டேன். "வெட்டினது திரும்ப வராது சிஸ்டர், தச்சு மட்டும் தரேன்"ன்னார்.