முதிரைக் கதவும் 18 வோல்ட் பற்றரியும்: மகிட்டா செட்டோடு இரண்டு வருடம்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக்குத் துறைமுகப் பக்கம் பார்த்த ஜன்னல்கள் ஆறு. அந்த ஆறுக்கும் நுளம்பு வலைச் சட்டம், சமையலறையில் மூன்று தட்டு, வேப்பமரத்துக்குக் கீழே ஒரு வாங்கு, அம்மம்மாவின் முதிரை மரக் கதவுக்குப் புதுப் பிணைச்சல். இவ்வளவையும் இரண்டு வருடமாக ஒரே பற்றரி றில் செட்டை வைத்துச் செய்திருக்கிறேன். நான் கணித ஆசிரியை. பாடசாலை விட்டு வந்த பின்னேரங்களும் சனி, ஞாயிறும்தான் எனக்கு மரவேலை நேரம். தொழிலாகச் செய்பவர்களுக்கு இது போதுமா என்று நான் சொல்ல வரவில்லை. ஆசைக்குச் செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

செட் இதுதான்: மகிட்டா கம்பனியின் 18 வோல்ட், மரத்திலும் சுவரிலும் துளை போடும் டி.எச்.பி. 482 ஹாமர் றில், ஆணி முறுக்கும் டி.டி.டி. 152 இம்பக்ட் ட்றைவர், 3 அம்பியர் அவர் (பற்றரியின் கொள்ளளவு) பற்றரி இரண்டு, டி.சி. 18 ஆர்.சி. சாஜர். லண்டனில் இருக்கும் தம்பி விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தான். காசு நான் கொடுத்தேன்.

இதற்கு முன்னர் வேறொன்று வாங்கி ஏமாந்த கதையையும் சொல்லவேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்பாவின் பழைய வயர் றில்லைக் கையில் வைத்துக்கொண்டு, பாதியில் நின்ற சட்டத்தைப் பார்த்தபடி இருந்தேன். அடுத்த கிழமையே ஒரு கடையில் பெயர் தெரியாத பற்றரி றில் ஒன்றை வாங்கினேன். பெட்டியில் பெரிதாக '48 வோல்ட்' என்று அச்சடித்திருந்தது. ஏழு மாதத்தில் பற்றரி செத்துவிட்டது. பக்கத்து ஒழுங்கையில் ரேடியோ, ரிவி திருத்தும் அண்ணை அதைத் திறந்து காட்டினார். உள்ளே ஐந்தே ஐந்து செல். ஒன்று முற்றாகப் போயிருந்தது, மற்ற நான்கும் நல்ல நிலையில் இருந்தன. ஐந்தும் ஒரே அளவாக ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்கும் சுற்று எதுவும் அதில் இல்லை. (லிதியம் பற்றரியை வீட்டில் நீங்களாகத் திறக்க வேண்டாம். சோர்ட் ஆனால் தீப்பிடிக்கும்.)

அந்த ஐந்து செல்லிலிருந்துதான் எனக்குக் கணக்கு விளங்கியது. ஒரு லிதியம் செல்லின் பெயரளவு வோல்ட் 3.6. ஐந்தைத் தொடராகக் கோர்த்தால் 18. முழுதாக ஏற்றிய செல் 4.2 வோல்ட் காட்டும், அப்போது ஐந்துக்கும் 21. ஆகவே கடையில் 18, 20, 21 என்று மூன்று விதமாக எழுதியிருப்பதெல்லாம் ஒரே வகைப் பற்றரிதான். 21 என்று எழுதியது 18ஐ விடப் பலம் கூடியது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். 48, 88 என்று சின்னப் பற்றரியில் எழுதியிருந்தால் அந்தக் கடையில் நிற்கவே வேண்டாம். கேட்கவேண்டியது அம்பியர் அவரைத்தான். 18ஐ 3ஆல் பெருக்கினால் 54 வாட் அவர். பற்றரிக்குள் இருக்கும் மொத்தச் சக்தி அவ்வளவு.

இன்னொரு விஷயம். ஒரு கம்பனியின் பற்றரி பெரும்பாலும் மற்றக் கம்பனியின் மெசினுக்குப் பூட்டாது. முதலில் வாங்கும் செட்டோடு அடுத்த பத்து வருடத்துக்கு எந்தக் கம்பனி என்று முடிவாகிவிடுகிறது. பற்றரி இல்லாத வெறும் மெசினைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், அது நல்ல மலிவு. அதனால் நான் றில்லின் நிறத்தையும் பிடியையும் பார்க்கமுதல், அந்தப் பற்றரி பத்து வருடத்துக்குப் பிறகும் கிடைக்குமா, சாஜர் பழுதானால் இங்கே வாங்கலாமா என்று பார்த்தேன். மகிட்டாவின் இந்த 18 வோல்ட் வரிசை 2005இல் வந்தது, இன்றைக்கும் புது மெசின்கள் அதே பற்றரியில்தான் வருகின்றன. எனக்கு அது போதுமான காரணம்.

வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். உதிரிப் பற்றரியைக் கையில் கொண்டுவரும் பையில்தான் வைக்கவேண்டும், ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. 100 வாட் அவருக்கு மேலே போனால் விமானக் கம்பனியின் அனுமதி வேண்டும். 5 அம்பியர் அவர் பற்றரி 90, பிரச்சினை இல்லை. 6 என்றால் 108, கேட்டுத்தான் கொண்டுவரவேண்டும். இரண்டாவது சாஜர். லண்டன் சாஜர் எங்கள் 230 வோல்ட்டுக்குச் சரி, அந்தச் சதுர முள் பிளக்கும் இங்கத்தைய 13 அம்பியர் பிளக்கும் ஒன்று. கனடாவில் இருந்து வருவது அப்படியில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் ரொறன்ரோவில் இருந்து வந்த சாஜரை ஒரு பிளக் மாற்றியில் செருகி ஏற்ற வைத்தார். ஒரு நிமிடத்துக்குள் மணம் வந்துவிட்டது. அது 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது. மாற்றி முள்ளை மாற்றும், வோல்ட்டை மாற்றாது. கனடாவில் இருந்து மெசினும் பற்றரியும் வரட்டும், சாஜரை இங்கேயே வாங்குங்கள்.

சரி, றில்லுக்கு வருவோம். என் உள்ளங்கை சிறியது. மூன்று மெசினைக் கையில் பிடித்துப் பார்த்து, சுட்டுவிரல் முழுதாக விசையைச் சுற்றிப் பிடிக்குமா என்றுதான் முதலில் பார்த்தேன். இதில் பிடிக்கிறது. பற்றரியோடு 1.8 கிலோ வரும். மேசை மட்டத்தில் தெரியாது. ஜன்னலுக்கு மேல் ஏணியில் நின்று பிடித்தால் கால் மணித்தியாலத்தில் தோள் சொல்லும்.

எவ்வளவு இறுக்கத்தில் முறுக்கு நிற்கவேண்டும் என்று வைக்கும் கிளச் வளையம் கழுத்தில் இருக்கிறது, 21 படி. வளையத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பலபேர் பார்ப்பதே இல்லை, எல்லாவற்றையும் றில் படத்தில் வைத்தே முறுக்குகிறார்கள். மெல்லிய பலகையில் திருகாணியின் தலை உள்ளே புதைந்து போவதற்கு அதுதான் காரணம். நான் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு துண்டுப் பலகையில் 3இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றி, தலை பலகை மட்டத்துக்கு வந்தவுடன் கிளச் 'கட கட' என்று விடும் எண்ணைக் கண்டுபிடித்துப் பென்சிலால் எழுதிவைப்பேன். வலைச் சட்டத்துக்கு 6. தட்டுக்கு 11. ஆறு ஜன்னலுக்கும் ஒரே ஆழத்தில் ஆணிகள் இருப்பதைப் பார்க்க இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்.

வேகம் இரண்டு. முதலாவது நிமிடத்துக்கு 600 சுற்று வரை, இரண்டாவது 1900 வரை. சின்னத் துளைக்கு இரண்டாவது. ஒரு அங்குலத் தட்டைப் பிட் (துளை போடும் அலகு) போட்டுக் கதவில் பூட்டுக்குத் துளை போடும்போது முதலாவதில் வையுங்கள், பக்கக் கைபிடியைக் கட்டாயம் பூட்டுங்கள். பலகையைக் கடந்து வெளியே வரும் நேரத்தில் பிட் கடித்துக்கொள்ளும், அப்போது பிட் நின்று மெசின் சுற்றும். அப்பாவின் வயர் றில்லில் கைபிடி இல்லாமல் செய்து, ஒரு மாதம் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு கரும்பலகையில் எழுதினேன்.

இங்கேதான் இம்பக்ட் ட்றைவர் வருகிறது. மரவேலை செய்ய வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும், மணிக்கட்டு நோ உள்ள ஆண்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். றில்லின் முறுக்குவிசை 62 நியூட்டன் மீற்றர், ட்றைவருடையது 165. எண்ணைப் பார்த்தால் ட்றைவர்தான் கையை முறிக்கும் போலிருக்கும். உண்மை மற்றப் பக்கம். றில் இடைவிடாமல் திருகுவதால் அந்த எதிர்விசை முழுதும் மணிக்கட்டுக்கு வருகிறது. ட்றைவருக்குள் ஒரு சுத்தியல் சுற்றிச் சுற்றி அடிக்கிறது, நிமிடத்துக்கு 3500 தரம் வரை. ஒவ்வொரு அடியும் ஆணிக்குப் போகிறது, கைக்குத் திரும்பி வருவது சிறு பங்கு. பின்னால் இருந்து நேராக அமத்திக்கொண்டால் போதும். சத்தம்தான் காதைத் துளைக்கும். காதடைப்பு இல்லாமல் நான் அதை எடுப்பதில்லை, பின்னேரம் மூன்று மணிக்கு முன்னர் முற்றத்தில் எடுப்பதும் இல்லை. பக்கத்து வீட்டில் வயதான அம்மா ஒருவர் படுத்திருப்பார்.

அம்மம்மாவின் கதவு பழைய முதிரை. காய்ந்த முதிரையின் இறுக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நேரே ஆணியை வைத்து முறுக்கினால் தலை உடைந்து தண்டு உள்ளேயே நிற்கும். 8ஆம் இலக்க ஆணிக்கு முதலில் 3 மில்லிமீற்றர் துளை. பிறகு ஆணியின் புரியில் மெழுகுதிரியைத் தேய்க்கவேண்டும். பித்தளைப் பிணைச்சலுக்குப் பித்தளை ஆணிதான் போட்டேன், கடற்காற்றில் இரும்பாணி சட்டென்று கறள் பிடித்துவிடும். ஆனால் பித்தளை மெது. ட்றைவர் ஒரே அடியில் அதை முறித்துவிடும். ஆகவே அதே அளவு இரும்பாணியை ட்றைவரால் முதலில் ஓட்டி, மரத்தில் புரியை வெட்டி, அதைக் கழற்றி எடுத்தேன். அப்புறம் பித்தளை ஆணியைக் கைத் திருப்புளியால் முறுக்கினேன். பதினெட்டு ஆணி, ஒன்றும் உடையவில்லை.

ஆணித் தலை பற்றி ஒரு சொல். இங்கே கடைகளில் பிலிப்ஸ், பொசிட்றிவ் இரண்டும் கலந்து கிடக்கின்றன. பொசிட்றிவ் தலையில் பெரிய சிலுவைக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள் இருக்கும். பிட்டைப் பொருத்தமாகப் போடாவிட்டால் எவ்வளவு விலையான மெசினும் வழுக்கித் தலையைத் தின்றுவிடும்.

சுவர். ஹாமரில் வைத்தால் சிமெந்துக் கல்லில் 6 மில்லிமீற்றர் துளை அழகாக இறங்கும், சுவருக்குள் ஆணியைப் பிடிக்கும் ரோல் பிளக்கும் இறுகப் பிடிக்கும். கொங்கிறீற்று பீமில் எந்தக் கம்பனியின் இந்த வகை றில்லையும் நம்பி ஏணியில் ஏறாதீர்கள். நான் பத்து நிமிடம் தள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்த்த மேசன் அண்ணை, "ரீச்சர், உதால ஏலாது, இறங்குங்க" என்று கொங்கிறீற்றைத் துளைக்கும் தன் பெரிய எஸ்.டி.எஸ். ஹாமரைக் கொண்டுவந்து நான்கு துளையையும் இரண்டு நிமிடத்தில் போட்டுத் தந்தார். வருடத்தில் இரண்டு தரம் வரும் வேலைக்கு அதை வாங்கத் தேவையில்லை, வாடகைக்கு எடுக்கலாம்.

திருகோணமலையில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனமாக வாசியுங்கள். ஆனி, ஆடிக் கச்சான் அடிக்கும் நாட்களில் வெயிலில் வேலை செய்தால் பற்றரி கையில் சுடும். சூட்டோடு ஏற்றக்கூடாது. இந்தச் சாஜருக்குள் விசிறி இருக்கிறது, சூடான பற்றரியை வைத்தால் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டு ஆறும்வரை பொறுத்திருக்கும். ஆறிய பற்றரி 22 நிமிடத்தில் நிறையும், நிறைந்ததும் ஒரு சின்னப் பாட்டுப் படிக்கும். ஓட்டோவுக்குள், தகரக் கொட்டிலுக்குள் பற்றரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். "முதல் தரம் எட்டு மணித்தியாலம் ஏற்று, முழுதாக இறக்கிவிட்டு ஏற்று" என்று இன்னும் கடைகளில் சொல்கிறார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு. லிதியத்தை அடிமட்டம் வரை இறக்குவதுதான் அதற்குக் கெடுதி. நாலு விளக்கில் ஒன்று மிஞ்சும்போதே நான் மாற்றிவிடுவேன். பரீட்சைக் காலத்தில் ஒரு மாதம் தொடமாட்டேன் என்றால் இரண்டு விளக்கு அளவில் கழற்றி, உள் அறை அலுமாரியில் வைப்பேன்.

உப்புக்காற்று பிட்டையும் றில்லின் வாயையும்தான் முதலில் பிடிக்கும். வேலை முடிந்ததும் தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளி துணியில் விட்டுத் துடைக்கிறேன். பிட்டெல்லாம் மூடி இறுகிய பிஸ்கற் ரின்னில், சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு. கார்த்திகை, மார்கழி மழை இரண்டு தரம் கடந்தும் கறள் இல்லை.

மூன்றாவது பற்றரி ஒன்று வாங்கப் போனபோது ஒரு கடையில் அதே நிறம், அதே எழுத்து, பாதி விலை. தூக்கியதும் சந்தேகம் வந்தது. என்னுடையதையும் அதையும் பக்கத்து மரக்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். என்னுடையது அறுநூறு கிராமைத் தாண்டியது, மற்றது நானூறைக்கூடத் தொடவில்லை. ஒரே கம்பனியின் ஒரே வகைப் பற்றரி இரண்டுக்கு அவ்வளவு வித்தியாசம் வரக்கூடாது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். பற்றரியை ரசீதும் உத்தரவாத அட்டையும் தரும் முகவரிடம் மட்டும் வாங்குங்கள்.

யாருக்கு இந்தச் செட்? மாதத்தில் இரண்டு மூன்று நாளாவது மரமோ சுவரோ தொடுகிறவர்களுக்கு, தயங்காமல் சொல்வேன். படம் மாட்ட, கதிரையின் ஆணி இறுக்க மட்டும் என்றால் 12 வோல்ட் வகை போதும். மூன்று செல்தான், பாரமும் குறைவு, சின்னக் கைக்கு இன்னும் சுகம். இரும்பு வெட்டும் கிரைண்டரையும், பலகையைத் தேய்க்க நீண்ட நேரம் ஓடும் சாண்டரையும் வயரோடு வாங்குங்கள். அவை பற்றரியைக் குடித்துவிடும், கரண்டும் இப்போது ஒழுங்காக இருக்கிறது.

அடுத்து ஒரு ஜிக்சோ, பற்றரி இல்லாத வெறும் மெசினாக. வாங்குக்குச் சாய்மனைப் பலகையை வளைவாக வெட்டவேண்டும். முதிரை கிடைக்கவில்லை, மரக்காலையில் ஒரு தேக்குத் துண்டைச் சொல்லி வைத்திருக்கிறேன்.