ஜாவா கார்டு ஆப்லெட்: சிமுலேட்டரில் தொடங்குவதா, அட்டையில் தொடங்குவதா?

ஸ்மார்ட் கார்டுக்குள் ஓடும் சிறு நிரல்களான ஆப்லெட்களை எழுதிப் பழக விரும்புபவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. அட்டையைப் போலவே நடிக்கும் மென்பொருளான ஜேகார்டுசிம் போன்ற சிமுலேட்டரைக் கணினியில் நிறுவிப் பழகலாம். ஜாவா ஆப்லெட்களை ஓட்டும் ஸ்மார்ட் கார்டான வெற்று ஜாவா கார்டு ஒன்றையும், அதைக் கணினியோடு இணைக்கும் ஒரு ரீடரையும் வாங்கி நேராக அட்டையிலேயே இறங்கலாம். ஜாவாவே வேண்டாமென்றால், ஜெர்மனியின் சைட்கண்ட்ரோல் நிறுவனம் தரும், பேசிக் மொழியில் நிரல் எழுதும் பேசிக்கார்டுக்குப் போகலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்; யாராவது கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

சிமுலேட்டரின் வசதிகளை அதிகம் விளக்கத் தேவையில்லை. செலவு இல்லை, ரீடர் வேண்டாம், பிரேக்பாயின்ட் வைத்து நிரலை நிறுத்தி வரிவரியாகப் பார்க்கலாம், ஜேயூனிட் என்னும் தானியங்கிச் சோதனைகளை நொடியில் ஓட்டிவிடலாம். அட்டைக்கு அனுப்பும் ஏபிடியு கட்டளை எப்படி அமைகிறது, பதிலின் கடைசி இரண்டு பைட்டுகளில் 9000 வந்தால் என்ன பொருள் என்பவற்றைப் புரிந்துகொள்ள அதுவே போதும்.

ஆனால் ஆப்லெட் எழுதுவதில் உண்மையிலேயே புதிதாகக் கற்க வேண்டியது ஏபிடியு அன்று, நினைவகம். மேசைக் கணினியில் ஜாவா எழுதிப் பழகியவருக்கு, புதிய பொருளை உருவாக்கும் 'நியூ' என்பது கணக்குப் பார்க்காமல் எழுதும் சொல். உருவாக்கியது தேவையற்றுப் போனால் குப்பை சேகரிப்பான் அதை எடுத்துக்கொள்ளும். அட்டையில் அதே 'நியூ', மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராமிலோ ஃபிளாஷிலோ இடம் பிடிக்கிறது. குப்பை சேகரிப்பு ஜாவா கார்டில் கட்டாயமான அம்சம் அன்று. அது இருக்கும் அட்டையிலும், நிரல் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டால்தான் நடக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் அழைக்கப்படும் ப்ராசஸ் மெத்தடுக்குள் 256 பைட் அணி (அரே) ஒன்றை 'நியூ' போட்டு உருவாக்கும் ஆப்லெட்டை எடுத்துக்கொள்வோம். சிமுலேட்டரில் அதற்கு லட்சம் கட்டளைகளை அனுப்பினாலும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அந்த அணி கணினியின் நினைவகத்தில் பிறந்து அங்கேயே துடைக்கப்படுகிறது. 80 கிலோபைட் இடமுள்ள அட்டையிலோ சுமார் 300 கட்டளைகளுக்குள் இடம் தீர்ந்து விதிவிலக்கு (எக்செப்ஷன்) எழும்; அதை நிரல் பிடிக்காவிட்டால், 6எஃப்00 என்ற எதையும் விளக்காத பதில்தான் வரும். அணியை, ஆப்லெட்டை நிறுவும்போது ஓடும் இன்ஸ்டால் மெத்தடில் ஒரே முறை உருவாக்கி வைத்துக்கொள்வதும், தற்காலிக வேலைக்குச் சில கிலோபைட் மட்டுமே உள்ள ரேமிலிருந்து ஜேசிசிஸ்டம் என்னும் ஜாவா கார்டு வகுப்பின் வழியாகக் கேட்டு வாங்குவதும் தனிப் பழக்கம். அந்தப் பழக்கத்தை அட்டைதான் கட்டாயமாக ஏற்படுத்துகிறது.

எழுதும் செலவும் இதோடு சேர்ந்தது. ஆப்லெட்டின் புலம் (ஃபீல்டு) ஒன்றில் எண்ணியைக் கூட்டிக்கொண்டே போவது ஈஈப்ராம் அட்டையில் ஒவ்வொரு முறையும் மில்லிநொடிக் கணக்கில் நேரம் தின்னும். அந்த நினைவகச் செல்களில் எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மேலும், ஜேகார்டுசிம் ஜாவா கம்பைலர் தரும் கிளாஸ் கோப்புகளை அப்படியே ஓட்டுவதால், ஜாவா கார்டில் இல்லாத ஸ்டிரிங்கையும் (எழுத்துத் தொடர்) ஃபுளோட்டையும் (தசம எண்) பயன்படுத்தினாலும் தடுக்காது. அட்டையில் ஏற்றத்தக்க கேப் கோப்பாக மாற்றும் கன்வெர்ட்டரிடம் போன பிறகே அவை மாட்டிக்கொள்ளும். ஆரக்கிளின் பழைய மேம்பாட்டுத் தொகுப்போடு வந்த சிரெஃப் என்னும் சிமுலேட்டர் இந்த வகையில் மேலானது. ஈஈப்ராமின் நிலையைக் கோப்பில் சேமித்து, அடுத்த முறை அதிலிருந்தே தொடங்க அதில் வழியுண்டு. ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கும்போதே அட்டையைக் கையால் வெடுக்கென்று உருவி, பரிவர்த்தனை பாதியில் அறுந்தால் பணப்பை ஆப்லெட் ஒன்றின் இருப்புத் தொகை என்ன ஆகிறது என்று பார்ப்பது ரீடரும் அட்டையும் முன்னால் இருந்தால் எவ்வளவு எளிது!

அட்டை வழியில் கருவிகளுக்கும் குறைவில்லை. ஆன்ட்-ஜாவாகார்டு கொண்டு கேப் கோப்பை உருவாக்கி, குளோபல்பிளாட்ஃபார்ம்புரோ கொண்டு ஏற்றலாம், பட்டியலிடலாம், நீக்கலாம். இரண்டும் திறமூல மென்பொருள்கள், பிசி/எஸ்சி என்னும் பொதுத் தரத்தைப் பின்பற்றும் ரீடர்களோடு லினக்ஸிலும் விண்டோஸிலும் வேலை செய்பவை. பழைய அட்டைகளுக்கு எழுதுபவர் மட்டும் ஜாவாவின் மேம்பாட்டுத் தொகுப்பான ஜேடிகே 8-ஐக் கணினியில் வைத்துக்கொள்வது நல்லது. நானும் ஜேகார்டுசிம்மைத் தூக்கி எறியவில்லை. ஆப்லெட் வளர்ந்த பிறகு தர்க்கச் சோதனைகளுக்கு அது மிகவும் கைகொடுக்கிறது. தொடக்கத்தில் அதை மட்டும் நம்புவதைத்தான் நான் ஏற்கவில்லை.

பேசிக்கார்டை நான் கொஞ்சமே தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்பதால் இங்கு என் சொல்லுக்கு எடை குறைவு. மொழி எளிது, ஜாவா கார்டில் இல்லாத ஸ்டிரிங்கும் தசம எண்களும் அதில் உண்டு. ஒரு சிறு கண்காட்சிக்கு அதை வைத்து விரைவாக ஏதேனும் செய்துவிட முடியும் என்றே தோன்றியது. ஆனால் அதில் எழுதியது அந்த ஒரு நிறுவனத்தின் அட்டையில்தான் ஓடும், ஜாவா கார்டில் எழுதியதோ, பதிப்பும் குறியாக்க வசதிகளும் பொருந்தினால், வேறு தயாரிப்பாளரின் அட்டைக்கும் போகும்.

அட்டை வாங்குபவர் விற்பவரிடம் இரண்டு கேள்விகளை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஒன்று, ஆப்லெட்டை ஏற்றுவதற்கான ரகசியச் சாவி எது என்பது. பழகுவதற்கு விற்கும் அட்டைகளில் பெரும்பாலும் 40, 41, 42 என்று ஏறுவரிசையில் போகும் 16 பைட் சோதனைச் சாவிதான் இருக்கும். தவறான சாவியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பல அட்டைகள் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், அதன் பிறகு அதில் எதையும் ஏற்ற முடியாது. இன்னொன்று, அட்டை ஆதரிக்கும் ஜாவா கார்டு பதிப்பு. என்எக்ஸ்பியின் ஜே3எச்145 அட்டை 3.0.4 பதிப்பையும் ஜே3ஆர்180 அட்டை 3.0.5 பதிப்பையும் ஆதரிப்பவை. 3.0.5 தொகுப்பை வைத்து உருவாக்கிய கேப் கோப்பை ஜே3எச்145 அட்டை ஏற்க மறுக்கும், 3.0.4 தொகுப்பில் உருவாக்கினால் இரண்டிலும் ஏறும் என்பதால், புதிய பதிப்பின் வசதி எதுவும் தேவைப்படாதவரை நான் 3.0.4-லேயே உருவாக்குகிறேன்.